எஸ்.ஏ.பி. படித்தவர்களுக்கு வேலையில்லை, வேலைக்கு ஆளில்லை: எங்கே பிசகு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எஸ்.ஏ.பி. மென்பொருள் படித்தால் கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிவிட்டு, சென்னையிலும் கோவையிலும் வேலைக்கு அலையும் பட்டதாரிகள் ஏராளம். அதே ஊர்களில், 'உருப்படியான கன்சல்டன்ட் ஒருவர் கிடைக்க மாட்டேன் என்கிறார்' என்று மாதக்கணக்கில் காலியிடத்தோடு காத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. இரண்டு புகாரும் பொய்யல்ல. இந்தத் துறையில் சான்றிதழுக்குப் பஞ்சமில்லை. லாரியிலிருந்து சரக்கு இறங்கியது முதல் அது கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் போய் உட்காருகிறது என்பது வரை விடாமல் பின்தொடரத் தெரிந்த ஆட்களுக்குத்தான் பஞ்சம். அப்படி ஓர் ஆளை உருவாக்கும் பயிற்சி இன்று பெரும்பாலும் எங்கும் நடக்கவில்லை என்பதே எங்கள் கவலை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு என்று ஒரு நிறுவனத்தின் எல்லா வேலையையும் ஒரே மென்பொருளுக்குள் கோப்பதுதான் ஈ.ஆர்.பி. அந்த வகையில் பெரிய பெயர் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருளை அந்த நிறுவனம் எழுதுகிறது; அதை ஒவ்வொரு ஆலைக்கும் ஏற்றபடி வெட்டித் தைத்துக் கொடுப்பவர்தான் கன்சல்டன்ட். தையல் பிசகினால் மென்பொருள் நின்றுவிடாது. தவறான கணக்கோடு அழகாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்த வேலையில் அரைகுறைப் பயிற்சி ஆபத்தானது.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஏராளமான நிறுவனங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஈ.சி.சி. 6.0 என்ற பழைய பதிப்பின் அண்மைத் தொகுப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 இறுதி வரை இழுக்கலாம். அதற்குள் எல்லோரும் 2015-ல் வந்த புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவுக்கோ வேறு மென்பொருளுக்கோ மாறியாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு மாற்றினால் வண்டிக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு வராமல் என்ன செய்யும்?

பயிற்சி மையங்களில் நடப்பதைப் பார்ப்போம். ஒன்றரை, இரண்டு மாத வகுப்பு. கம்பெனி கோடு உருவாக்கு, பிளான்ட் உருவாக்கு, ஸ்டோரேஜ் லொகேஷன் உருவாக்கு, இந்தத் திரையில் இதை டிக் அடி, அடுத்த திரைக்குப் போ. மாணவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். பழகுவதற்குக் கொடுக்கும் சர்வர், செயல்விளக்கத்துக்காக உருவான ஒரு மாதிரி நிறுவனத்தின் நகல். அங்கே எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்கும். அந்த நகலுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் நேரான பதில் வராது. தேர்வு என்று பார்த்தால், நீண்ட காலமாக 3 மணி நேரத்தில் 80 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் இருந்தது. கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறிவிடலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் கிடங்கிலிருந்து 'சார், மிகோ போட முடியவில்லை' என்று, அதாவது சரக்கு வரவு வைக்கும் திரை ஓடவில்லை என்று போன் வரும்போது, அந்தத் தொகுப்பில் அதற்குப் பதில் இருக்காது.

என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறோம். ஒரு பின்னலாடை நிறுவனம் 100 கிலோ பருத்தி நூலை, கிலோ 250 ரூபாய் என்று ஆர்டர் போடுகிறது. நூலுக்கு மாஸ்டரில், அதாவது பொருளின் அடிப்படை விவரப் பதிவில், நிலையான விலை 240 ரூபாய். சரக்கு வந்ததும் கிடங்குக்காரர் மூவ்மென்ட் டைப் (சரக்கு நகர்வின் வகையைச் சொல்லும் குறியீடு) 101-ல் வரவு வைக்கிறார். அந்த ஒரே சேமிப்பில் கணக்கில் மூன்று வரிகள் விழுகின்றன: இருப்புக் கணக்கில் 24,000 பற்று, விலை வித்தியாசக் கணக்கில் 1,000 பற்று, ஜி.ஆர்./ஐ.ஆர். என்ற இடைக்கணக்கில் 25,000 வரவு. சரக்கு வந்துவிட்டது, பில் இன்னும் வரவில்லை என்பதற்கான அடையாளம் அந்த இடைக்கணக்கு. பிறகு நூற்பாலை கிலோவுக்கு 255 போட்டு பில் அனுப்புகிறது. மைரோ என்ற பில் பதிவுத் திரையில் பதிந்தால் இடைக்கணக்கில் 25,000 பற்று விழுந்து அது பூஜ்யமாகிறது. விலை வித்தியாசத்தில் இன்னும் 500 பற்று. 25,500-க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 1,275 உள்ளீட்டு வரியாகப் பற்று. நூற்பாலைக்கு 26,775 வரவு. இதுவரை வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். சிலர் சொல்லியும் கொடுக்கிறார்கள்.

இனிதான் விஷயம். அதே நூலுக்கு நிலையான விலைக்குப் பதிலாக நகரும் சராசரி விலை என்று மாஸ்டரில் வைத்திருந்தால், அந்தக் கூடுதல் 500 ரூபாய் இருப்பின் மதிப்போடு சேர வேண்டும். ஆனால் பில் வருவதற்குள் 60 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போய்விட்டது, கையில் வேறு இருப்பும் இல்லை, மீதம் 40 கிலோதான் என்றால்? அந்த 40 கிலோவுக்குரிய 200 ரூபாய் மட்டும்தான் இருப்பில் சேரும். மீதி 300 விலை வித்தியாசக் கணக்கில் விழும். மாதக் கடைசியில் கணக்காளர், 'சராசரி விலைதானே வைத்திருக்கிறோம், வித்தியாசக் கணக்கில் எப்படிப் பணம் வந்தது?' என்று கேட்பார். கான்ஃபிகரேஷன் (மென்பொருளை அமைக்கும் வேலை) மட்டும் படித்தவர் மென்பொருளில் கோளாறு என்று நினைத்து எதையாவது மாற்றப் போவார். மாற்றக் கூடாது, மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எதைத் தொடக்கூடாது என்று தெரிவது இந்தத் தொழிலில் பாதித் திறமை. அது திரைகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் வருவதில்லை.

இன்னொன்று, நம் ஊர் சாயப்பட்டறை விஷயம். 1,000 கிலோ கிரே துணியை, அதாவது சாயம் ஏற்றாத துணியை, ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்யும் வேலை) அனுப்புகிறோம். மூவ்மென்ட் 541-ல் அது பட்டறைக்காரர் வசம் இருக்கும் நம் இருப்பாக மாறுகிறது. சாயம் ஏறி 960 கிலோ திரும்பி வருகிறது. அதை வரவு வைக்கும்போதே 543-ல் கிரே துணி செலவாக வேண்டும். எவ்வளவு செலவு என்பதை பி.ஓ.எம். என்ற பொருள் பட்டியல் சொல்கிறது. அனுப்பியதில் 4 சதவீதம் கழிவு என்று உற்பத்தி மேலாளர் சொல்கிறார். புதிய கன்சல்டன்ட் கழிவுக் கட்டத்தில் 4 என்று அடிக்கிறார். தவறு அங்கேதான் நுழைகிறது. மேலாளர் சொன்ன 4 சதவீதம், அனுப்பிய எடையிலிருந்து கழிப்பது. மென்பொருள் எடுத்துக்கொள்ளும் 4 சதவீதம், திரும்பி வந்த எடையின் மேல் கூட்டுவது. 960-ஐ 1.04-ஆல் பெருக்கினால் 998.4. ஆக 1.6 கிலோ பட்டறைக்காரர் கையில் இருப்பதாகவே கணக்கு நிற்கும். கட்டத்தில் வர வேண்டிய எண் 4.17.

1.6 கிலோதானே என்று விட முடியாது. வருடத்துக்கு 300 லாட் போனால் 480 கிலோ. இல்லாத துணி, இருப்பதாகக் காட்டும் கணக்கு. இது கிடங்கோடு முடியும் விஷயமும் அல்ல. சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-வது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கலாம். ஜாப் ஒர்க் கணக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 என்ற ஜி.எஸ்.டி. படிவத்தில் அனுப்பியதும் வந்ததும் ஒட்டவில்லை என்று ஆடிட்டர் பேனாவை வைக்கும்போது, 4-க்கும் 4.17-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 'சிஸ்டம் தப்பாகக் காட்டுகிறது' என்றுதான் பேச்சு. சரக்கு வரவு வைக்கும் திரையிலேயே செலவு எடையைத் திருத்தலாம். பின்னால் தெரிந்தால் தனியாகச் சரிக்கட்டல் பதிவும் போடலாம். இரண்டையும் கிடங்குக்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் கன்சல்டன்ட்.

பற்றாக்குறையிலும் கடுமையான பற்றாக்குறை, இந்திய வரிப் பகுதியை அறிந்தவர்களுக்கு. மென்பொருளில் வரியைக் கணக்கிட இரண்டு பழைய வழிகள் உண்டு: டாக்ஸ்-ஐ.என்.ஜே., டாக்ஸ்-ஐ.என்.என். முதலாவது சூத்திரத்தை நம்பியது. இரண்டாவது நிபந்தனைப் பதிவுகளை நம்பியது. எஸ்/4 ஹானா இரண்டாவதை மட்டுமே ஏற்கும். முதலாவதில் ஓடும் நிறுவனங்கள் அந்த மாற்றத்தைத் தனியாக முடித்தாக வேண்டும்: வரிக் குறியீடுகளைப் புதிதாக அமைத்து, திறந்திருக்கும் ஆர்டர்களில் குறியீட்டை மாற்றி, பொருள், மாநிலம், சப்ளையர் வாரியாகப் பதிவுகளை ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய புராஜெக்ட்டுகளிலேயே இருந்துவிட்ட அனுபவசாலிகளுக்கு இது தெரியாது. வகுப்பில் கற்றவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மாநிலக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஏ.பி.யின் பழைய பட்டியலில் தமிழ்நாட்டின் எண் 22. ஜி.எஸ்.டி.யில் தமிழ்நாடு 33. அங்கே 22 என்றால் சத்தீஸ்கர். இரண்டையும் இணைக்கும் அட்டவணையை நிரப்ப மறந்தால், ஈரோட்டு வாடிக்கையாளரின் மின்-விலைப்பட்டியல் அரசின் பதிவு போர்ட்டலுக்கு சத்தீஸ்கர் என்று போய், பின்கோடு பொருந்தவில்லை என்று திரும்பி வரும். 5 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயம். 10 கோடியும் அதற்கு மேலும் என்றால், 2025 ஏப்ரல் 1 முதல், பில் தேதியிலிருந்து 30 நாளைக்குள் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும். டிக்கெட் (கோளாறு பற்றிய புகார்ப் பதிவு) யார் மேசையிலோ 31 நாள் தூங்கினால் அந்த பில்லுக்கு ஐ.ஆர்.என். என்ற போர்ட்டல் பதிவு எண் கிடைக்காது, ஐ.ஆர்.என். இல்லாத பில்லை வைத்து வாடிக்கையாளர் வரிக் கடன் எடுக்க முடியாது.

அதே போர்ட்டலில் அடிக்கடி வரும் 2150 என்ற பிழை, அதாவது 'இந்த பில்லுக்கு ஏற்கெனவே எண் கொடுத்தாயிற்று'. நம் பக்கம் எண் வந்து சேர்வதற்குள் இணைப்பு அறுந்திருக்கும். கொடுக்கப்பட்ட எண்ணை மீட்டு எடுத்து அதே பில்லோடு கோக்க வேண்டும், அவ்வளவுதான். பதற்றத்தில் புதிய பில் போட்டுவிடுகிறார்கள். ஒரே சரக்குக்கு இரண்டு பில் அரசுக் கணக்கில் ஏறிவிடும். போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான்.

பழைய பதிப்பில் பத்து, பதினைந்து வருடம் அனுபவம் உள்ளவர்களுக்கும் பயிற்சி தேவை. அதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை என்பது எங்களுக்கு வருத்தம். எஸ்/4-ல் வாடிக்கையாளர், சப்ளையர் என்ற தனித்தனி மாஸ்டர் கிடையாது. இருவரும் பிசினஸ் பார்ட்னர் என்ற ஒரே கூரைக்குள் வர வேண்டும். மாற்றத்துக்கு முன்பே அந்த இணைப்பை முடித்தாக வேண்டும். முடிக்காமல் மாற்றும் வேலையே நகராது. ஒரே நூற்பாலை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று சப்ளையராக இருப்பது, ஆறு இலக்கம் இல்லாத பின்கோடு, மின்னஞ்சல் கட்டத்தில் எழுதிவைத்த கைபேசி எண் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் ஆயிரக்கணக்கில் பிழையாக வெளிவரும். சுத்தம் செய்ய மென்பொருள் அறிவைவிடப் பொறுமையும் அந்த ஆலையின் பழைய ஆட்களோடு உட்காரும் மனமும்தான் வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்கிய திட்டங்கள் அநேகமாக நாள் தவறும்.

நிரல் எழுதுபவர்களின் பக்கம் இன்னும் நுட்பமான ஒரு பிசகு. பழைய தரவுத்தளங்களில் பதிவுகளைக் கேட்டால், வரிசைப்படுத்தச் சொல்லாவிட்டாலும் பல நேரம் எண் வரிசையிலேயே வந்துவிடும். அதை நம்பி ஆயிரக்கணக்கான சொந்த நிரல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எஸ்/4-ன் தரவுத்தளமான ஹானா அந்த வரிசையைக் காக்கும் என்ற உறுதி கிடையாது. வரிசை கலைந்த பட்டியலில், பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி தேடலை ஓட்டினால், இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லும். அகரவரிசை குலைந்த அகராதியை நடுவில் பிரித்துத் தேடுவதைப் போல. சிவப்பு எழுத்தில் பிழை வராது. அறிக்கையில் சில வரிகள் காணாமல் போகும், அவ்வளவுதான். தேடலுக்கு முன் வரிசைப்படுத்தும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். நிரல்களில் பிழை தேடும் ஏ.டி.சி. சோதனையை ஓட்டினால் எங்கெங்கே என்று பட்டியலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் எது ஆபத்து, எதை விடலாம் என்று பிரிக்கத் தெரிந்த ஆள் குழுவுக்கு ஒருவர் இருந்தாலே அதிசயம்.

நிறுவனங்கள் ஏன் சொந்தமாகப் பயிற்சி கொடுப்பதில்லை? காரணம் பில்லிங். கன்சல்டன்ட்டின் ஒவ்வொரு மணிக்கும் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் இளைஞருக்குக் கொடுக்க மாட்டார். வாடிக்கையாளரோ, 'குறைந்தது இரண்டு புராஜெக்ட்டை ஆரம்பம் முதல் கோ-லைவ் (மென்பொருள் நடைமுறைக்கு வரும் நாள்) வரை பார்த்தவர்தான் வேண்டும்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார். முதல் புராஜெக்ட் யார் கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லை. இந்த இடுக்கில்தான் பொய் அனுபவம் முளைக்கிறது. 'மூன்று வருடம்' என்று தயாரித்துக் கொடுக்கும் ரெஸ்யூமே, இல்லாத கம்பெனியின் கடிதம், நேர்காணலில் வேறு ஒருவர் பதில் சொல்வது என்று ஒரு தனிச் சந்தையே நடக்கிறது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்துச் சரிபார்க்கும்போது பலர் மாட்டுகிறார்கள். வேலை போவதோடு பின்னால் எங்கும் நுழைய முடியாதபடி பெயரும் கெடுகிறது. அந்தப் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக மட்டும் பார்க்க எங்களால் முடியவில்லை. நேர் வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

போதாக்குறைக்கு, ஏணியின் கீழ்ப்படியும் தேய்ந்துவருகிறது. சோதனைப் படிகள் எழுதுவது, பயனர் கையேடு தயாரிப்பது, சிறு அறிக்கை நிரல் எழுதுவது என்று புதியவர்கள் கை பழகிய வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. கருவி சொல்வது சரியா என்று பார்க்க அனுபவசாலி வேண்டும். அந்த அனுபவத்தை அடுத்த தலைமுறை எந்த வேலையில் பெறும் என்று யாரும் திட்டமிடவில்லை.

வாங்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. ஜெர்மனியின் லிடில் அங்காடி நிறுவனம், சுமார் 50 கோடி யூரோ செலவழித்ததாகச் சொல்லப்படும் எஸ்.ஏ.பி. திட்டத்தை 2018-ல் கைவிட்டது. இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் அந்த நிறுவனத்தின் பழக்கத்துக்கும், விற்பனை விலையில் மதிப்பிடும் மென்பொருளின் போக்குக்கும் இடையே நடந்த இழுபறி பெரிய காரணமாகப் பேசப்பட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி 2022 ஏப்ரலில் எஸ்.ஏ.பி.யை விட்டு ஆரக்கிளுக்கு மாறியபோது, வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும் பகுதி வேலை செய்யாமல் ஊழியர்கள் கையால் கணக்கைப் பொருத்தும் நிலை வந்தது. சுமார் 2 கோடி பவுண்டு என்று தொடங்கிய செலவு 10 கோடியைத் தாண்டியது. இரண்டிலும் மென்பொருள் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. 'நம் வேலை இப்படி நடக்கிறது, அதில் எதை விட்டுக்கொடுக்கலாம்' என்று இரண்டு பக்கமும் பேசி முடிவெடுக்கக்கூடியவர்கள் போதவில்லை என்றே நாங்கள் படிக்கிறோம்.

எங்கள் யோசனைக்கு வருகிறோம். முதலில் ஆட்களைத் தேடும் இடம் மாற வேண்டும். கணினிப் பொறியியல் பட்டம் இந்த வேலைக்குக் கட்டாயமே இல்லை. டேலியில் ஐந்து வருடம் கணக்கு எழுதிய பி.காம். பட்டதாரி, சி.எம்.ஏ. இன்டர் முடித்தவர், ஜவுளி டிப்ளமோ படித்துக் கிடங்கு பார்த்தவர் ஆகியோர் பாதி வழி வந்தவர்கள். பற்று வரவும் சலானும் ரத்தத்தில் இருக்கும். மென்பொருளை ஆறு மாதத்தில் ஏற்றிவிடலாம். மென்பொருள் தெரிந்தவருக்குத் தொழிலை ஏற்ற அதைவிட நாளாகும்.

அந்த ஆறு மாதம் எப்படி இருக்க வேண்டும்? முதல் மாதம் கணினியே வேண்டாம். பர்ச்சேஸ் ஆர்டர், எடை மேடைச் சீட்டு, சலான், பில், டெபிட் நோட் என்று காகிதங்களைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் பேரேடு எழுத வேண்டும். அடுத்த இரண்டு மாதம் சாதாரணப் பயனராக மட்டும் மென்பொருளில் உட்கார்ந்து, குறைந்தது 200 கொள்முதல், 200 விற்பனை, 50 ஜாப் ஒர்க் பதிவுகள் போட வேண்டும். கான்ஃபிகரேஷன் நான்காம் மாதம்தான். ஐந்தாம் மாதம் முழுக்கக் கோளாறு: பயிற்சியாளர் வேண்டுமென்றே 40 இடத்தில் உடைத்து வைப்பார். கணக்குக் காலம் திறக்கவில்லை, மதிப்பீட்டு வகுப்பு இல்லை, எண் வரிசை தீர்ந்துவிட்டது, வித்தியாச வரம்பு தாண்டி பில் தடைபட்டு நிற்கிறது, மாநிலக் குறியீடு மாறிக் கிடக்கிறது. மாணவர் காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்; சரிசெய்தது மட்டும் போதாது.

ஆறாம் மாதம் கட்-ஓவர், அதாவது புதிய மென்பொருளுக்கு மாறும் வேலையின் ஒத்திகை. 500 சப்ளையர், 2,000 பொருள், தொடக்க இருப்பு, திறந்த ஆர்டர்கள், பேரேட்டு நிலுவை எல்லாவற்றையும் ஒரு வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையில் ஏற்ற வேண்டும். தொடக்க இருப்பை 561-ல் ஏற்றும்போது எதிர்ப்பக்கம் ஓர் ஏற்றுக் கணக்கில் விழும். பேரேட்டு நிலுவைகளும் அதே கணக்குக்கு எதிராகவே ஏறும். எல்லாம் முடிந்ததும் அந்தக் கணக்கு பூஜ்யமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கே விட்டுப்போனது என்று தேடி எடுக்கத் தெரிய வேண்டும். அந்தப் பூஜ்யத்தைக் காட்டியவருக்குச் சான்றிதழ் கொடுங்கள்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று விதி. பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. பழகுநர் பயிற்சிக்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. கன்சல்டிங் நிறுவனங்களும், எஸ்.ஏ.பி. வைத்திருக்கும் ஆலைகளின் ஐ.டி. பிரிவுகளும் இதில் சேர்ந்து எடுத்தால், ஆலையில் ஆறு மாதம், கன்சல்டிங் குழுவில் ஆறு மாதம் என்று ஒரு வருடத்தைப் பிரிக்கலாம். உதவித்தொகை கொடுத்துக் கற்பிப்பது நடக்காத காரியம் என்பவர்கள், சோஹோ நிறுவனம் சென்னையிலும் தென்காசியிலும் நடத்தும் பள்ளிகளைப் பார்க்கலாம். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் இந்தத் துறைப் பாடங்களைச் சேர்க்கும்போதும், காணொளி நேரத்தை எண்ணாமல், மாணவர் கண்டுபிடித்த கோளாறுகளை எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில், நான்கு கன்சல்டன்ட்டுக்கு ஒரு பழகுநர் என்று எழுதிக் குறைந்த கட்டணம் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். கோ-லைவ் முடிந்து அனுபவசாலிகள் கிளம்பிய பிறகு உங்கள் டிக்கெட்டை எடுக்கப்போவது அந்தப் பழகுநர்தான். உங்கள் பக்கத்துக் கீ யூஸரை, அதாவது புராஜெக்ட்டில் உங்கள் துறையின் சார்பில் உட்காரும் ஊழியரை, முழுநேரமாக விடுவியுங்கள். பகலில் கிடங்கு வேலை, மாலையில் புராஜெக்ட் என்று இழுத்தால் இரண்டும் கெடும்.

கடைசியாக, பணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும். மையத்துக்குள் நுழைந்ததும் பழகும் சர்வர் யார் உரிமத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் கடைசியாக எந்த வருடம், என்ன வேலையில், புராஜெக்ட்டில் இருந்தார் என்று கேளுங்கள். பழைய பதிப்பா, எஸ்/4-ஆ, இந்திய ஜி.எஸ்.டி. பகுதி பாடத்தில் உண்டா என்று கேளுங்கள். 'அனுபவம் நாங்கள் போட்டுத் தருகிறோம்' என்ற பேச்சு வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அடிப்படைப் பாடங்கள் பல எஸ்.ஏ.பி.யின் சொந்தக் கற்றல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஒரு மாதம் அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றி முடிவெடுக்கலாம். ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். அன்று ஜி.ஆர்./ஐ.ஆர். கணக்கில் முடியாமல் நிற்கும் பத்து வரிகளைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றும் ஏன் நிற்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிகிறவர்களிடம் சேருங்கள்.

இப்படிக்கு,
நிதி, பொருள் மேலாண்மைப் பிரிவுகளில் பணியாற்றும் ஈ.ஆர்.பி. ஆலோசகர்கள் சிலர்,
சென்னை, கோயம்புத்தூர்.